மூளையின் முன்மடலில் அடிபட்டால் ஆளே மாறிவிடுவாரா? (அப்பாவைப் பற்றி, கொஞ்சம் நீளமான கேள்வி)

கடைசிப்பக்கம்:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படிக்க மட்டும் வந்துகொண்டிருந்தேன். இன்று கேட்பதற்காக எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 64 வயது. ஐந்து மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. காலில் கொஞ்ச நாள் பலம் குறைந்திருந்தது, பிசியோதெரபியில் தேறிவிட்டார். இப்போது நடக்கிறார். பேசச் சொன்னால் பேசுகிறார், கணக்குக் கேட்டால் சரியாகச் சொல்கிறார். பார்ப்பவர்கள் "முழுக்கக் குணமாகிவிட்டதே" என்கிறார்கள்.

ஆனால் அவர் அவராக இல்லை. காலையில் செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறார். மதியம் போய்ப் பார்த்தால் அதே நாற்காலி, அதே மடி, தாள் பிரிக்கப்படவே இல்லை. முப்பது வருடமாகப் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு குறுக்கெழுத்துக் கட்டத்திலிருந்துதான் பேப்பரையே தொடங்குவார். அந்த மனிதர் இப்போது சும்மா உட்கார்ந்திருக்கிறார். தூங்கவில்லை, அழவில்லை, கோபமும் இல்லை. "ஏம்பா படிக்கல?" என்றால் "படிக்கணும்" என்கிறார். அவ்வளவுதான்.

உறவினர்கள் சோம்பல் என்கிறார்கள். அண்ணன் இதைப் பிடிவாதம் என்று நினைத்து அவரிடம் பேசுவதையே குறைத்துவிட்டான். ஸ்கேன் அறிக்கையில் இரண்டு பக்க முன்மடலிலும் (நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி) உட்புறத்தில் பாதிப்பு என்று இருக்கிறது. மருத்துவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

இணையத்தில் தேடினால் வண்ணம் தீட்டிய மூளைப் படம்தான் வருகிறது. முன்மடல் என்றால் ஆளுமை, அமிக்டலா என்றால் பயம், ஹிப்போகாம்பஸ் என்றால் நினைவு, சிறுமூளை என்றால் சமநிலை. பெட்டி பெட்டியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆளுமைப் பெட்டியில் அடிபட்டிருக்கிறது என்றால் அப்பாவே போய்விட்டார் என்று அர்த்தமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எழுத்தாணி:

உங்கள் அப்பா நன்றாகத் தேறட்டும். நான் மருத்துவர் இல்லை. மூளை ஆராய்ச்சியின் வரலாற்றைப் பல வருடமாகப் படித்து வருகிறேன். உங்கள் கேள்வியை 19ஆம் நூற்றாண்டிலேயே கேட்க வைத்த ஒரு மனிதர் இருக்கிறார், பினியஸ் கேஜ். அவர் கதையைப் பாதியில் நிறுத்தாமல் முழுவதும் சொல்ல ஆசை.

1848 செப்டம்பர் 13. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கேவண்டிஷ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ரயில் பாதைக்காகப் பாறை வெடிக்கும் வேலை. 25 வயது மேஸ்திரி கேஜ், துளையில் வெடிமருந்தை இரும்புக் கம்பியால் இடித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தார். மருந்து வெடித்தது. ஒரு மீட்டருக்கும் மேல் நீளம், ஏறத்தாழ ஆறு கிலோ எடை கொண்ட கம்பி அவருடைய இடது கன்னத்துக்குக் கீழே நுழைந்து, கண்ணுக்குப் பின்னால் போய், உச்சந்தலை வழியாக வெளியேறித் தூரத்தில் விழுந்தது. கேஜ் சாகவில்லை. கொஞ்ச நேரத்தில் பேசினார், மாட்டு வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஊருக்குப் போனார், மருத்துவரிடம் தானே நடந்ததைச் சொன்னார்.

அவருக்கு வைத்தியம் பார்த்த ஜான் ஹார்லோ 20 வருடம் கழித்து, 1868இல், விரிவாக எழுதினார். நிதானமும் பொறுப்பும் உள்ளவராக இருந்த கேஜ் விபத்துக்குப் பிறகு மரியாதை இல்லாமல் பேசினார், எடுத்த திட்டத்தை நொடியில் கைவிட்டார், இவர் பழைய கேஜ் இல்லை என்று நண்பர்கள் சொன்னார்கள் என்று அதில் இருக்கிறது. பாடப்புத்தகங்கள் இந்த இடத்தோடு கதையை முடித்துவிடுகின்றன.

அதற்கப்புறமும் அவருக்கு வாழ்க்கை இருந்தது. 1852இல் சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருடம் குதிரைக் கோச்சு வண்டி ஓட்டினார். பல குதிரைகளின் கடிவாளத்தை ஒரே நேரத்தில் கையாள வேண்டும், பயணிகளோடு பழக வேண்டும், குறித்த நேரத்துக்கு எழுந்து கிளம்ப வேண்டும். சுயகட்டுப்பாடே போய்விட்ட ஒருவரால் இதைச் செய்திருக்க முடியாது. விபத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்களில் இருந்த கேஜ் வேறு, பிற்கால கேஜ் வேறு என்று இந்தக் கதையை மறுபடி ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். தினமும் ஒரே ஒழுங்கில் நடந்த அந்த வேலையே அவரைத் தூக்கி நிறுத்தியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. 1860இல் வலிப்பு வந்து இறந்தார்.

உங்கள் கேள்விக்கு இது முழுப் பதில் ஆகாது, தெரியும். ஆனால் "ஆளே போய்விட்டார்" என்று முதலில் முத்திரை குத்தப்பட்ட மனிதர் விபத்துக்குப் பிறகு 11 வருடத்துக்கும் மேல் வாழ்ந்தார், அதில் பெரும்பகுதி வேலை செய்து வாழ்ந்தார்.

நீலவானம்:

மருத்துவக் கல்லூரி இறுதியாண்டு மாணவன். அக்கா, அறிக்கையை நேரில் பார்க்காமல் உங்கள் அப்பாவைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்லக்கூடாது. பொதுவாகச் சொல்கிறேன்.

முன்மடல் ஒரே பொருள் இல்லை. மூளையில் அதுதான் பெரிய மடல், அதற்குள்ளேயே வேறு வேறு வேலைகள் நடக்கின்றன. நடத்தையைப் பொறுத்தவரை எங்களுக்கு மூன்று பக்கமாகப் பிரித்துச் சொல்லித் தருவார்கள்.

வெளிப்பக்கம், அதாவது நெற்றியின் இரு ஓரத்துக்கு உள்ளே இருப்பது. திட்டமிடுவது, இரண்டு விஷயத்தை ஒரே நேரத்தில் மனதில் வைத்திருப்பது, ஒரு முறை சரிவராவிட்டால் வேறு முறைக்கு மாறுவது எல்லாம் பெரும்பாலும் இங்கே.

அடிப்பக்கம், கண்ணுக்கு நேர் மேலே இருப்பது. எது எனக்கு நல்லது, எதைச் சபையில் சொல்லக்கூடாது என்ற எடைபோடுதல் இங்கே. கேஜுக்கு அடிபட்டது ஏறத்தாழ இந்தப் பகுதி. அன்டோனியோ டமாசியோ என்ற நரம்பியல் மருத்துவர் பார்த்த இப்படிப்பட்ட ஒரு நோயாளியிடம், அடுத்த சந்திப்புக்கு இரண்டு தேதி கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். அவர் நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஒவ்வொரு தேதிக்கும் சாதக பாதகம் சொல்லிக்கொண்டே போனார். அறிவு துளியும் குறையவில்லை. "இது போதும், இதையே வைத்துக்கொள்வோம்" என்று உள்ளேயிருந்து வரவேண்டிய தட்டல்தான் வரவில்லை.

மூன்றாவதுதான் உங்கள் அறிக்கையில் இருப்பது. இரண்டு அரைக்கோளங்களும் நடுவில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் உட்பக்கம். செயலைத் தொடங்கி வைப்பது இந்தப் பகுதி. இரண்டு பக்க உட்புறத்துக்கும் ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன, சிலருக்கு ஒரே கிளையிலிருந்து பிரிகின்றன. அதனால் ஒரே அடைப்பில் இரண்டு பக்கமும் பாதிக்கப்படுவது உண்டு. காலை இயக்கும் பகுதியும் அதே உட்பக்கத்தில்தான் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்குக் கால் பலம் குறைந்ததாகச் சொன்னீர்கள், அது இதோடு பொருந்துகிறது.

இங்கே அடிபட்டவருக்குக் கை இருக்கும், கால் இருக்கும், சொல் இருக்கும், அறிவு இருக்கும். ஆனால் "இப்போது எழுந்து செய்" என்ற உந்துதல் வராது. 1983இல் டமாசியோவும் வான் ஹோசெனும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். உட்பக்க முன்மடலில் பக்கவாதம் வந்து வாரக்கணக்கில் பேசாமல் படுத்திருந்தவர். தேறிய பிறகு அப்போது எப்படி இருந்தது என்று கேட்டபோது, சொல்ல எதுவும் இருக்கவில்லை, மனம் வெறுமையாக இருந்தது, எதுவும் முக்கியமாகப் படவில்லை என்றார். பேச முயன்று முடியாமல் போகவில்லை. முயல வேண்டும் என்றே தோன்றவில்லை.

உங்கள் அப்பா "படிக்கணும்" என்று சொல்வதைப் படித்ததும் எனக்கு இந்தப் பெண்தான் ஞாபகத்துக்கு வந்தார். இதைச் சோம்பல் என்று சொல்பவர்களிடம் தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள், அக்கா. சோம்பேறிக்கு வேலையைத் தள்ளிப்போடுவதில் ஒரு சுகம் இருக்கும். இவருக்கு அந்தச் சுகமும் இல்லை.

மழைக்குருவி:

இடது மூளை கணக்கு, வலது மூளை கலை என்றுதானே படித்திருக்கிறோம்? அப்பா கணக்கைச் சரியாகச் சொல்கிறார் என்றால் இடது நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா? அப்புறம் மூளை மூன்று அடுக்கு, அடியில் ஊர்வன மூளை, நடுவில் உணர்ச்சி, மேலே அறிவு என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அதை வைத்து இதைப் புரிந்துகொள்ள முடியுமா?

தும்பை:

மழைக்குருவி, நல்ல இடத்தில் கேட்டீர்கள். நான் பேச்சுப் பயிற்சியாளர், பக்கவாதம் வந்தவர்களோடுதான் என் நாள் முழுக்கப் போகிறது. இந்த இடது வலது கதையைப் பிரித்துச் சொல்லாவிட்டால் குடும்பத்தார் தவறான நம்பிக்கையோடோ தவறான பயத்தோடோ வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அதில் உண்மையான பகுதி மொழி. 1861இல் பாரிசில் பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவர் ஒரு நோயாளியின் மூளையை ஆராய்ந்தார். அந்த நோயாளிக்குப் பிறர் பேசுவது புரியும், ஆனால் 20 வருடத்துக்கும் மேலாக வாயிலிருந்து வந்த ஒரே சொல் "டான்". எல்லோரும் அவரை அந்தப் பெயராலேயே கூப்பிட்டார்கள். இறந்த பிறகு பார்த்தால் இடது முன்மடலின் கீழ்ப்பகுதி சிதைந்திருந்தது. 1874இல் கார்ல் வெர்னிக்கே வேறு வகை நோயாளிகளைக் காட்டினார். அவர்கள் சரளமாகப் பேசுவார்கள், பேச்சில் பொருள் இருக்காது, நாம் சொல்வதும் புரியாது. அவர்களுக்கு அடிபட்டிருந்தது இடது பொட்டுமடலின் (காதுக்கு மேலே இருக்கும் பகுதி) பின்பகுதி. பெரும்பாலானவர்களுக்கு மொழி இடது பக்கம் சார்ந்தது என்பது அப்படித்தான் உறுதியானது.

அந்த டான் என்பவரின் மூளையைக் கண்ணாடிக் குடுவையில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 2007இல் அதையே ஸ்கேன் செய்து பார்த்தபோது, புரோக்கா மேற்பரப்பில் கண்ட இடத்தைவிட மிக ஆழமாக, இணைப்பு நரம்பிழைகள் வரை பாதிப்பு போயிருந்தது. ஒரு செயல் ஒரு இடத்தில்தான் இருக்கிறது என்பதற்கு உலகமே காட்டிய உதாரணம், இடங்களுக்கு நடுவே ஓடும் பாதைகளும் அறுந்திருந்ததைக் காட்டிவிட்டது. எனக்கு இந்த ஆய்வைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

இதை நான் வேலையில் தினமும் பார்க்கிறேன். தன் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் தவிக்கும் ஒருவரிடம், அவருக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த பாட்டின் முதல் வரியை நான் மெல்ல ஆரம்பிப்பேன். இரண்டாவது வரியை அவர் பாடுவார், சொற்களோடு. பாடி முடித்ததும் அவரே திடுக்கிட்டு என்னைப் பார்ப்பார். எண்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகச் சொல்வார், நடுவில் நிறுத்தி "நான்கு மட்டும் சொல்லுங்கள்" என்றால் வராது. சொல் அழிந்துபோய்விடவில்லை. அதற்குப் போகும் ஒரு வழி அடைபட்டிருக்கிறது, இன்னொன்று திறந்திருக்கிறது.

கலை, கற்பனை, தர்க்கம் என்று மனிதர்களை இடது ஆள், வலது ஆள் என்று பிரிப்பதற்கு ஆதாரம் இல்லை. 2013இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1,011 பேரின் ஸ்கேன்களை அலசினார்கள். யாருக்கும் மொத்தமாக ஒரு பக்கம் ஓங்கியிருக்கவில்லை. இந்தக் கதை பரவியதற்கு ரோஜர் ஸ்பெர்ரியின் அருமையான ஆய்வைப் பலரும் ஊதிப் பெருக்கியதுதான் காரணம். கடுமையான வலிப்பைக் குறைக்க இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புக் கற்றையை வெட்டிய நோயாளிகளை அவர் ஆராய்ந்தார், 1981இல் நோபல் பரிசு பெற்றார்.

அவருடைய மாணவர் மைக்கேல் கசானிகா செய்த சோதனை ஒன்று. ஒரு நோயாளியின் இடது மூளைக்கு மட்டும் கோழிக்காலையும், வலது மூளைக்கு மட்டும் பனி மூடிய காட்சியையும் காட்டினார்கள். வலது கையை இயக்குவது இடது மூளை, இடது கையை இயக்குவது வலது மூளை. பொருத்தமான படத்தை எடுக்கச் சொன்னதும் வலது கை கோழியை எடுத்தது, இடது கை மண்வாரியை எடுத்தது. ஏன் மண்வாரி என்று கேட்டார்கள். பேசுவது இடது மூளை, அது பனியைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் தயங்காமல் பதில் வந்தது: கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமே! நம் செயலுக்கு நாம் சொல்லும் காரணம் பல நேரம் இப்படிப் பிறகு தைக்கப்பட்டது. கடைசிப்பக்கம், உங்கள் அப்பாவிடம் "ஏன் படிக்கல?" என்று கேட்பதில் பலன் இல்லை என்பதற்கும் இதுதான் காரணம். அவருக்கும் தெரியாது. வற்புறுத்தினால் ஏதாவது ஒரு காரணம் சொல்வார், அதை நீங்கள் நம்பி வருத்தப்படுவீர்கள்.

மூன்று அடுக்கு மூளையை விட்டுவிடுங்கள். 1960களில் பால் மெக்லீன் பரப்பிய கருத்து அது. மூளை அடுக்குமேல் அடுக்காக ஒட்டி வளரவில்லை என்பதால் ஆராய்ச்சியாளர்கள் அதை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள்.

ஓய்வுநாள்:

இந்த இழையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. எனக்கு 71 வயது. என் மனைவிக்கு வலது மூளையில் பக்கவாதம் வந்தது, சுவர்மடல் (முன்மடலுக்குப் பின்னால், தலையின் மேற்பக்கம் இருப்பது) என்றார்கள்.

தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு "இன்னும் கொஞ்சம் போடுங்கள்" என்பாள். இடது பாதி அப்படியே இருக்கும். முதலில் கண் தெரியவில்லை என்று நினைத்துக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். கண்ணில் குறை இல்லை. தலை வாரினால் வலது பக்கம் மட்டும் சீராக இருக்கும். நான் இடது பக்கத்தில் நின்று கூப்பிட்டால் வலது பக்கம் திரும்பித் தேடுவாள். வேண்டுமென்றே என்னைத் தவிர்க்கிறாள் என்று நான் சண்டை போட்ட நாட்கள் உண்டு. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

பிறகு ஒரு இளம் மருத்துவர் பொறுமையாக உட்கார்ந்து ஒரு ஆய்வைச் சொன்னார். 1978இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் இதே பாதிப்பு உள்ளவர்களிடம், அவர்களுக்கு நன்றாகப் பழக்கமான பேராலயச் சதுக்கத்தை மனதில் கொண்டுவரச் சொன்னார்களாம். ஒரு முனையில் நின்று ஆலயத்தைப் பார்ப்பதாக எண்ணி என்னென்ன கட்டடம் இருக்கிறது என்று கேட்டால், வலது பக்கத்தில் இருப்பவற்றை மட்டும் சொன்னார்கள். இப்போது ஆலய வாசலில் நின்று எதிர்ப்பக்கம் பார்ப்பதாக எண்ணுங்கள் என்றதும், முதலில் விட்டுப்போன கட்டடங்களைச் சொன்னார்கள். முதலில் சொன்னவை காணாமல் போயின. நினைவில் எல்லாமே இருந்தது. இடது பக்கம் என்ற ஒன்றைத்தான் மனதால்கூடத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

அன்றிலிருந்து தட்டைப் பாதி சாப்பிட்டதும் திருப்பி வைக்கக் கற்றுக்கொண்டேன். அவளுடைய வலது பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். பயிற்சியின்போது மேசையின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டி, அது தெரியும்வரை தலையைத் திருப்பச் சொல்லிப் பழக்கினார்கள். ஒரு வருடத்தில் நிறையத் தேறினாள்.

அம்மா கடைசிப்பக்கம், உங்கள் அண்ணனிடம் நான் பேச வேண்டுமானாலும் பேசுகிறேன். அவர் செய்யும் தவறை நான் செய்திருக்கிறேன்.

பாதிநிலா:

எல்லோரும் எழுதியதை மதிக்கிறேன். ஆனாலும் எனக்கு ஒரு கவலை. எதற்கெடுத்தாலும் "மூளையில் இந்த இடம் எரிகிறது" என்று வண்ணப் படம் காட்டுகிறார்கள். 2009இல் கிரெய்க் பென்னட் குழுவினர் செத்த சால்மன் மீனை ஸ்கேன் கருவிக்குள் வைத்து மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். முறையான புள்ளியியல் திருத்தம் செய்யாமல் கணக்குப் போட்டபோது, செத்த மீனின் மூளையிலும் ஒரு புள்ளி "செயல்பட்டது". அந்தத் திருத்தம் எவ்வளவு அவசியம் என்று காட்டத்தான் அதைச் செய்தார்கள். கணக்கில் கவனக்குறைவு இருந்தால் படம் பொய் சொல்லும்.

இரண்டாவது கவலை இன்னும் பெரியது. எல்லாவற்றுக்கும் மூளையைக் காரணம் சொன்னால் யாருமே எதற்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடாதா?

இதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. என் மாமா நடுக்குவாதத்துக்கு (பார்கின்சன் நோய்) மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாழ்நாளில் சீட்டைத் தொடாதவர் திடீரென்று இணையச் சூதாட்டத்தில் இறங்கினார். இரவெல்லாம் கைபேசி. சேமிப்பு கரைந்தது. அத்தை வீட்டை விட்டுக் கிளம்பத் தயாராகிவிட்டார். மூளையில் இருக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளைப் போலச் செயல்படும் சில மருந்துகளுக்கு இந்தப் பக்கவிளைவு உண்டு என்று அவருடைய நரம்பியல் மருத்துவர் சொல்லி, மருந்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து மாற்றினார். சில வாரத்தில் அந்த வேட்கை நின்றுவிட்டது. மாமா கேட்டது ஒன்றுதான்: "அப்போ ஆடினது நானா, மாத்திரையா?" இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

எழுத்தாணி:

பாதிநிலா, உங்கள் மாமாவின் கேள்வியைத் தத்துவவாதிகளிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். காரணம் தெரிந்ததால்தான் அவரைத் திட்டுவதை நிறுத்திவிட்டு மருந்தை மாற்ற முடிந்தது. சேமிப்பைத் திரும்பச் சேர்க்கும் பொறுப்பு அவரிடமே இருக்கிறது, அதை அவர் மறுக்கவும் இல்லை என்று நினைக்கிறேன். காரணமும் பொறுப்பும் வேறு வேறு கேள்விகள், ஒன்றுக்குப் பதில் கிடைத்ததால் மற்றது மறைந்துவிடாது.

வண்ணப் படத்தைப் பற்றிய உங்கள் எச்சரிக்கை முழுக்கச் சரி. அமிக்டலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மிக அரிய மரபணு நோயால் இரண்டு அமிக்டலாவும் அழிந்துபோன ஒரு பெண்ணை ஆய்வுகளில் எஸ்.எம். என்று குறிப்பிடுவார்கள். பாம்பைக் கையில் எடுத்துத் தடவினார், பேய் வீட்டுக் காட்சியில் மற்றவர்களுக்கு முன்னால் நடந்து போனார். இதோ பயத்தின் இருப்பிடம் என்று எல்லோரும் நினைத்தார்கள். 2013இல் அவரையும் அதே பாதிப்புள்ள வேறு இருவரையும் 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை ஒருமுறை இழுக்கச் சொன்னார்கள். மூவருமே கடும் பீதியில் துடித்தார்கள். மூச்சுத் திணறல் போல உடலுக்குள்ளிருந்து வரும் ஆபத்துக்கு வேறு பாதை இருந்திருக்கிறது. பயம் என்ற ஒரே சொல்லை நாம் பல விஷயத்துக்கு வைத்திருக்கிறோம், மூளை அந்தச் சொல்லின்படி பிரிந்திருக்கவில்லை.

சிறுமூளையும் அப்படித்தான். மூளையின் மொத்த நரம்பணுக்கள் சுமார் 8,600 கோடி, அதில் 6,900 கோடி சிறுமூளையில் இருப்பதாக 2009இல் எண்ணிச் சொன்னார்கள். சமநிலைக்கு மட்டும் இவ்வளவா? சிறுமூளையின் சில பகுதிகளில் அடிபட்டவர்களுக்குத் திட்டமிடலும் உணர்ச்சிக் கட்டுப்பாடும் தடுமாறுவதை 1998இலேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

கடைசிப்பக்கம்:

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஓய்வுநாள் ஐயா, உங்கள் பதிவை அண்ணனுக்கு அனுப்பினேன். படித்துவிட்டான். பதில் போடவில்லை.

தும்பை அக்கா, ஒரு சந்தேகம். இது மனச்சோர்வாக இருக்குமோ? அப்படியென்றால் மருந்து கொடுக்கலாமே? அப்புறம், வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

தும்பை:

முக்கியமான கேள்வி, அடுத்த முறை நரம்பியல் மருத்துவரிடம் இதே வார்த்தைகளில் கேளுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு நிறையப் பேருக்கு வருகிறது, இரண்டும் சேர்ந்தும் வரும். வித்தியாசம் என்று பார்த்தால், மனச்சோர்வு உள்ளவர் வருந்துவார். "நான் யாருக்கும் பாரம்" என்பார், அழுவார், தூக்கமும் பசியும் கெடும். உந்துதல் மட்டும் போனவருக்கு வருத்தமும் பெரிதாக இருக்காது. அவரைப் பார்க்கும் நமக்குத்தான் வேதனை. எது என்று தீர்மானிப்பது மருத்துவர் வேலை, நீங்கள் கவனித்ததை எழுதிக்கொண்டு போங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது. உள்ளே இருந்து வரவேண்டிய தொடக்கம் வரவில்லை, ஆகவே தொடக்கத்தை வெளியிலிருந்து கொடுங்கள். "என்ன செய்யலாம்பா?" என்று திறந்த கேள்வி கேட்காதீர்கள், அதற்குப் பதிலைத் தேடும் வேலையே அவருக்கு மலை. "நடக்கலாமா, பேப்பர் பார்க்கலாமா?" என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். பேப்பர் என்றால் பிரித்து, அந்தப் பக்கத்தை மடித்து, பென்சிலைக் கையில் கொடுத்து, முதல் குறிப்பை நீங்களே வாசியுங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே இடம். நின்றுவிட்டால் திட்ட வேண்டாம், அடுத்த குறிப்பை வாசியுங்கள்.

நீலவானம்:

தும்பை அக்கா சொன்ன "ஒரே நேரம், ஒரே இடம்" என்பதற்குப் பின்னால் ஒரு பழைய உண்மை இருக்கிறது. ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953இல், 27 வயதில், வலிப்புக்காக இரண்டு பக்க ஹிப்போகாம்பஸையும் பெரும்பகுதி எடுத்துவிட்டார்கள். அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியல் ஆராய்ச்சியாளர் அவரைக் கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார். மூன்று நாளில் கை நன்றாகப் பழகிவிட்டது, ஆனால் ஒவ்வொரு நாளும் இதை இப்போதுதான் முதல்முறை செய்கிறேன் என்றார். நடந்ததை நினைவில் வைப்பது ஒரு பாதை, கைப்பழக்கம் வேறொரு பாதை. உங்கள் அப்பாவின் முப்பது வருடக் குறுக்கெழுத்துப் பழக்கம் எங்கேயும் போயிருக்காது, அக்கா. முயன்று பாருங்கள்.

மழைக்குருவி:

என் மகனுக்கு 16 வயது. முன்மடல் முதிர்ச்சியடைய இருபதுகளின் நடுப்பகுதி ஆகும் என்று இப்போதுதான் படித்தேன். நேற்று இரவு அவனிடம் "யோசிக்கவே மாட்டியா" என்று கத்தியதை நினைத்துக்கொண்டேன். இந்த இழைக்கு நன்றி.

கடைசிப்பக்கம்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கேட்டுவிட்டுக் காணாமல் போகக் கூடாது என்பதற்காக.

மருத்துவரிடம் போனோம். மனச்சோர்வு இல்லை, உந்துதல் குறைவுதான் என்றார். ஒரு மருந்தை முயன்று பார்க்கலாம், பலன் ஆளுக்கு ஆள் மாறும் என்றார். இன்னும் தொடங்கவில்லை.

பேப்பரைக் காலை எட்டு மணிக்கு நானே பிரித்து மடித்துக் கொடுக்கிறேன். முதல் நாள் பென்சிலைக் கையில் வைத்ததும் விரல்கள் தானாகச் சரியான பிடிக்கு வந்துவிட்டன. நுனியைக் கட்டைவிரலால் தொட்டுக் கூர் இருக்கிறதா என்று பார்த்தார், அது அவருடைய பழைய வழக்கம். முதல் குறிப்பை வாசித்தேன். எழுதினார். உடனே நிறுத்திவிட்டார். இரண்டாவதை வாசித்தேன், எழுதினார். நான் கதவைத் திறக்க எழுந்து போய்ப் பத்து நிமிடம் கழித்து வந்தேன். பென்சில் மூன்றாவது கட்டத்தின் மேல் அப்படியே நின்றிருந்தது. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. ஆனால் விடவில்லை. இப்போது சில நாள் மூன்று நான்கு குறிப்பு வரை தானே போகிறார், சில நாள் ஒன்றோடு சரி.

நேற்று அண்ணன் வந்திருந்தான். நான் கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பை வாசித்தான். "கரையைத் தொட்டுத் திரும்பும்." அப்பா பேசாமல் இருந்தார். அண்ணனே "படகு" என்றான், அப்பா கையிலிருந்து பென்சிலை வாங்கி எழுதப் போனான்.

அப்பா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ரெண்டு கட்டம்தான்டா இருக்கு" என்றார்.